வண்டி கிளம்பிய வரலாறு

இராமநாதபுரம் ஜில்லா என்று நெடுங்காலம் ஒரே பெயரால் வழங்கப்பட்ட பரந்த வறட்சிப் பிரதேசம் 1985ஆம் ஆண்டில் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது, அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பங்காக அமைந்தன. கரிசலும் செவலும் மாறி மாறிக் கிடக்கும் நிலம் அது; ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையைக் கண்மாய்களில் தேக்கிக்கொண்டு, பருத்தியும் சோளமும் கம்பும் மிளகாயும் மல்லியும் விளைவித்து, ஆண்டின் பெரும்பகுதியை வெயிலோடு கழிக்கும் நிலம். பல மாதங்கள் வெறும் மணலாகவே கிடக்கும் குண்டாற்றின் கரையில், பூமிநாத சுவாமி கோயிலைச் சூழ்ந்து அமைந்த திருச்சுழி, 1879ஆம் ஆண்டு ரமண மகரிஷி அவதரித்த ஊர் என்ற பெருமையால் உலகெங்கும் அறியப்பட்டது. அருப்புக்கோட்டையோ தறியாலும் மல்லிகையாலும் தென்னாட்டில் பெயர் பெற்றது. இவை பலரும் அறிந்த செய்திகள். இச்சீமையின் சாலைகளில் வண்டி கிளம்பாமல் நின்ற வேளைகளுக்கும், அவ்வேளைகளில் திருப்புளியும் ஸ்பானரும் கையுமாக வந்து நின்ற தொழிலாளிகளின் அறிவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதும், அது எழுதி வைக்கத் தகுதியுடையது என்பதும் அவ்வளவாக நினைக்கப்படாத விஷயம்.

வண்டியைக் கிளப்பும் சக்தி மனிதனுடைய கையையும் காலையும் விட்டுச் சிறிது சிறிதாக ஈயத் தகடுகளுக்குக் குடிபெயர்ந்த வரலாறே அது. அந்த மாற்றத்தின் ஒவ்வொரு படியிலும், பழுதின் காரணத்தை ஆராய்ந்து தெளிவதற்கு முன் பொருளை மாற்றுவது தகாது என்ற ஒரு தொழில் நெறி, ஏட்டில் எழுதப்படாமலேயே, இவ்வூர்ப் பட்டறைகளில் வழங்கி வந்தது. அந்த நெறியின் மதிப்பை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரைக்கு இரயில் பாதை அமைந்ததே 1960களில்தான். அதற்கு முன்னரும் பின்னரும் இப்பிரதேசத்தின் உயிர்நாடி சாலைகளே. மாட்டு வண்டிகள் ஆண்ட அச்சாலைகளில் மோட்டார் பஸ்கள் ஓடத் தொடங்கிய ஆதி நாட்களில், எஞ்சினைக் கிளப்பும் பொறுப்பு மனிதனுடைய தோள் வலிமையைச் சேர்ந்ததாக இருந்தது. வண்டியின் முகப்பில் இரும்புக் கைப்பிடியைச் செருகி, முழு பலத்தோடு சுழற்றி, எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் மணிக்கட்டு முறியாதபடி சமயமறிந்து கையை விலக்கிக்கொள்வதே அக்கால வித்தை. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் இடம்பெற்றது. ஆனாலும் அந்தச் சௌகரியம் நம் நாட்டுப்புறத்துச் சாலைகளுக்கு வந்து சேர வெகு காலம் ஆயிற்று. 1911ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கப்பட்ட டி.வி.எஸ். நிறுவனமும் அதன் வழியைப் பின்பற்றிய பல பஸ் முதலாளிகளும் தென் ஜில்லாக்களில் மோட்டார்த் தொழிலை வேரூன்றச் செய்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும், மரக்கரியை எரித்து உண்டாகும் வாயுவால் பஸ்களை ஓட்ட வேண்டிய நிலையும் ஏற்பட்டது. அவ்வித நெருக்கடிகளில் பயின்ற கைகளே பின்னாளில் சிற்றூர்ப் பட்டறைகளின் ஆசிரியர்களாயின.

இச்சீமையில் பேட்டரி என்னும் வஸ்து மோட்டார் சைக்கிளுக்கு முன்னரே அறிமுகமாகிவிட்டது. பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி மின்சக்தியைச் சேமிக்கும் முறையைக் கண்டார். 1881இல் கமில் ஃபோர் என்பவர் அத்தகடுகளில் ஈய ஆக்ஸைடுக் குழம்பைப் பூசி, அவற்றின் கொள்ளளவைப் பன்மடங்கு பெருக்கினார். இந்தப் பேட்டரிதான் பஸ்ஸின் விளக்குக்கும் ஹாரனுக்கும் உயிர் கொடுத்தது. கோயில் கொடைகளிலும் கலியாணப் பந்தல்களிலும் தேர்தல் கூட்டங்களிலும் மைக் செட்டை முழங்க வைத்தது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கப்பட்ட பின்பு, மின்கம்பி எட்டாத ஊர்களுக்கு ரேடியோவின் குரலும் பேட்டரியின் தயவாலேயே சென்றது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கி, தென் ஜில்லாக்களுக்கு மின்சாரம் படிப்படியாகப் பரவியபோது, மின்சாரம் வந்த ஊர்களில் அரைவை மில்லும் ரேடியோக் கடையும் தோன்றியது போலவே, பேட்டரி சார்ஜ் செய்யும் கடையும் தோன்றிற்று.

அக்கடைகளின் வேலை முறை இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியாது. கம்பியில் வரும் மாறுதிசை மின்சாரத்தை ஒரே திசையில் ஓடும்படி மாற்றும் ஒரு பெட்டி மூலையில் இருக்கும். பல பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியால் பிணைத்து, இரவெல்லாம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றுவார்கள். ஒரு பேட்டரியின் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைச் செலுத்தலாகாது என்பது அத்தொழிலின் முதல் விதி. அவசரப்பட்டு அதிகம் ஏற்றினால் தகடு சூடேறி வளைந்து, அதன்மேல் பூசிய பொருள் உதிர்ந்துவிடும். கடினமான கருப்பு ரப்பர்ப் பெட்டியில், மேலே தாரால் அடைத்து மூடப்பட்ட அக்காலப் பேட்டரிகளைப் பிரித்துப் பழுது பார்க்கவும் முடிந்தது. தாரைச் சூடாக்கி நீக்கி, செல்களை இணைக்கும் ஈயப் பட்டையைத் துளைத்து எடுத்து, தகட்டுக் கட்டை வெளியே தூக்கிப் பார்த்தால் நோயின் காரணம் கண்ணுக்கே தெரிந்துவிடும். பழுப்பு நிறத் தகடு உதிர்ந்து அடியில் வண்டலாகப் படிந்திருக்கிறதா, தகடுகளுக்கிடையே வைத்த மரத் தடுப்பு கருகியிருக்கிறதா, சாம்பல் நிறத் தகட்டில் வெண்ணிற உப்புப் பூத்திருக்கிறதா என்பதைப் பார்த்து, கெட்டதை மட்டும் மாற்றி, ஈயத்தை உருக்கி மீண்டும் ஒட்டித் தருவார்கள். ஒரு செல் செத்ததற்காக முழுப் பேட்டரியையும் எறிவது அந்நாளில் ஊதாரித்தனமாகவே கருதப்பட்டது.

மோட்டார் சைக்கிள் இச்சீமையில் முதலில் செல்வர்களும் காவல் அதிகாரிகளும் மட்டுமே ஏறிய வாகனம். இந்திய இராணுவத்துக்காக வரவழைக்கப்பட்ட புல்லட் வண்டிகளை 1955 முதல் சென்னையிலேயே உருவாக்க ஏற்பாடாயிற்று. 1960களில் மைசூரில் ஜாவா வண்டிகளும் உற்பத்தியாயின. பழைய புல்லட்டின் ஆறு வோல்ட் பேட்டரி விளக்கை மட்டும் எரிப்பதன்று. எஞ்சினுக்குள் தீப்பொறியை எழுப்பும் காயிலுக்கும் அதுவே மின்சாரம் தந்தது. ஆகவே பேட்டரி இறங்கிவிட்டால் எவ்வளவு பலசாலியும் கிக்கரை உதைத்துப் பயன் காண்பது அரிது.

அந்த வண்டியின் தலைப்பகுதியில், ஹெட்லைட்டுக்கு மேலே, ஆம்பியர் அளவைக் காட்டும் ஒரு சிறு முள் இருந்தது. பழுதைக் கண்டறியும் கலை இப்பிரதேசத்தில் எவ்வளவு நுட்பமாக வளர்ந்தது என்பதை அந்த முள்ளைக் கொண்டே விளக்கிவிடலாம். சாவியைத் திருகிக் கிக்கரை மெதுவாக அழுத்தும்போது, காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தை மூடித் திறக்கும் பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் முள் இடப்புறம், அதாவது மின்சாரம் செலவாகும் பக்கம், சாயும். பிஸ்டன் மேலேறி உச்சத்தை நெருங்கிப் பாயிண்ட் திறக்கும் கணத்தில் முள் நடுவுக்குத் திரும்பும். அந்தக் கணத்தை அறிந்தவன், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்து, கிக்கரை இம்மியளவு மேலும் நகர்த்தி, நெம்புகோலை விட்டுவிட்டு முழு மூச்சோடு உதைத்தால் எஞ்சின் எழும். அறியாதவனுக்கோ கிக்கர் பின்னோக்கி அடித்து முழங்காலைப் பதம் பார்க்கும். அதே முள் பழுதுகளையும் பகுத்துக் காட்டியது. சாவியைத் திருகிக் கிக்கரை அசைத்தும் முள் அசையவே இல்லையென்றால், பேட்டரி வற்றியிருக்க வேண்டும், அல்லது பியூஸ் எரிந்திருக்க வேண்டும், அல்லது பாயிண்டில் கரி படிந்திருக்க வேண்டும். வண்டி வேகமாக ஓடும்போதும் முள் வலப்புறம் திரும்பவில்லையென்றால், பேட்டரி குற்றமற்றது, அதற்கு உணவு ஊட்டவேண்டிய ஆல்டர்னேட்டரோ ரெக்டிஃபயரோ கடமை தவறுகிறது என்பது தீர்ப்பு. நாடி பிடித்தே நோயின் மூலத்தை அறிந்த பழைய வைத்தியரைப் போல, அந்த ஒரு முள்ளின் அசைவிலிருந்து வண்டியின் உள்நிலை முழுவதையும் ஊகித்தறிந்த மெக்கானிக்குகள் இருந்தார்கள்.

இந்த அறிவு இங்கே கூர்மை பெற்றதற்கு நிலத்தின் இயல்பே பெருங்காரணம். பேட்டரிக்கு இச்சீமையில் மூன்று பகைவர் உண்டு. முதலாவது வெயில். கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் வெப்பத்தில் பேட்டரியின் இரசாயன வினை விரைந்து நடக்கிறது; பத்து டிகிரி வெப்பம் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் வழங்கும் பொதுக்கணக்கு. அதனால்தான் உஷ்ண தேசங்களுக்கான பேட்டரிகளில், குளிர்நாட்டில் வழங்கும் 1.28 ஒப்படர்த்திக்குப் பதிலாக, 1.24 அளவுக்கு மென்மையான அமிலம் ஊற்றும் வழக்கம் ஏற்பட்டது. மூடி திறக்கும் பேட்டரிகளில் நீர் ஆவியாகித் தகட்டின் தலை வெளியே தெரிந்துவிட்டால், காற்றுப் பட்ட அப்பகுதி கெட்டிப்பட்டு மீண்டும் சக்தியேற்காது.

இரண்டாவது பகைவன் தண்ணீர். வற்றிய நீரை ஈடு செய்ய வேண்டுமே என்று கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால், நல்ல தண்ணீருக்கே தவிக்கும் இந்தச் சவர் நிலத்தில் அதனால் விளையும் கேடு பெரிது. அத்தண்ணீரில் கரைந்த குளோரைடும் இரும்பும் தகட்டை அரித்து, சும்மா நிற்கும்போதே பேட்டரியை வடிய வைத்துவிடும். வாலைவடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றலாகாது என்பதைக் குடங்களோடு மைல் கணக்காக நடந்து குடிநீர் கொண்டுவந்த ஒரு பிரதேசத்து மக்களுக்குப் போதித்து, அதைப் பழக்கமாகவும் ஆக்கியது பேட்டரிக் கடைகளின் சிறிய சாதனையன்று. தண்ணீரில்தான் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டுமேயன்றி அமிலத்தில் தண்ணீரை ஊற்றலாகாது, சார்ஜ் ஏறும்போது எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக் கூடியதாகையால் அருகில் பீடி பற்ற வைக்கலாகாது என்னும் பாடங்களும் இவ்வாறே கடை வாசலில் கற்பிக்கப்பட்டன.

மூன்றாவது பகைவன் சும்மா நிற்றல். வேலை தேடி ஆடவர் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்றுவிட, வாரக்கணக்காக வீட்டுத் திண்ணையோரம் நிற்கும் வண்டியின் பேட்டரி தானே மெல்ல வடிகிறது. வடிந்த நிலையிலேயே நீடித்தால் தகட்டின் மேல் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, பின்பு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரைய மறுக்கின்றன. வீட்டுக்கும் காட்டுக்கும் இடையே ஒரு மைல் தூரம் மட்டும் நாள்தோறும் ஓடும் வண்டிக்கும் இதே கதிதான். கிளம்புவதற்குச் செலவான சக்தியை அந்தச் சிறு ஓட்டம் திருப்பித் தருவதில்லை.

இங்கே ஒரு செய்தியைப் பெருமையோடு குறிப்பிட வேண்டும். அமிலமும் ஈயமும் பற்றிய இந்த அனுபவ அறிவு பட்டறைகளில் வளர்ந்த அதே காலத்தில், அதே இராமநாதபுரம் ஜில்லாவில், மின்வேதியியலுக்கென்று ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையமும் எழுந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு காரைக்குடியில் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு பொங்கல் திருநாளன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். மின்கலங்கள் அந்நிலையத்தின் முக்கியமான ஆராய்ச்சித் துறைகளுள் ஒன்று. ஆராய்ச்சிக்கூடமும் சார்ஜ் கடையும் ஒன்றையொன்று அறியாமலே, வறண்ட ஒரே ஜில்லாவில், ஒரே பொருளின் இரகசியத்தை இரு வழிகளில் தேடிக்கொண்டிருந்தன.

1980களில் காலம் திசை மாறியது. 1980ஆம் ஆண்டு வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டுக்குப் பேட்டரியே கிடையாது. பெடலை மிதித்தால் எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டே தீப்பொறியையும் வெளிச்சத்தையும் தந்தது. சேலைக் கட்டும் பூக்கூடையும் பால் கேனும் உர மூட்டையும் சுமந்து, நாட்டுப்புறத்து ஏழை எளியவர்க்கு முதன்முதலில் சொந்த வாகனம் என்ற கௌரவத்தை வழங்கிய வண்டி அது. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 பேட்டரியை வைத்திருந்தாலும், அதன் தீப்பொறி மேக்னெட்டிலிருந்து நேரே வந்தது. பேட்டரி அடியோடு செத்தாலும் ஹாரனும் இண்டிகேட்டரும் ஊமையாகுமே தவிர, கிக்கரை உதைத்தால் வண்டி கிளம்பும். ஆகவே பல ஆண்டுகள் பேட்டரியைக் கவனியாமலே வண்டியோட்டும் வழக்கம் பரவியது. பெட்டிகளும் பிரிக்க முடியாத பிளாஸ்டிக் ஆயின. பின்னர் தண்ணீர் ஊற்றவே வேண்டாத, முற்றிலும் மூடிய பேட்டரிகளும் வந்தன. தாரை உருக்கிய தொழில் ஓசையின்றி மறைந்தது.

ஆனால் இழந்த ஸ்தானத்தைப் பேட்டரி மீண்டும் பெற்றது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதி நகரத்து ஸ்கூட்டர்களில் தொடங்கி, 2001ஆம் ஆண்டு வந்த பல்சர் 180 போன்ற வண்டிகளால் இளைஞர்களின் விருப்பமாகி, 2018இல் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்டையும் எட்டியது. 2017 ஏப்ரல் முதல் ஹெட்லைட் பகலிலும் எரிய வேண்டுமென்ற விதி வந்தது. 2020 ஏப்ரல் முதல் அமலான புகைக் கட்டுப்பாட்டு விதியின் காரணமாகக் கார்ப்ரேட்டர் பெரும்பாலும் நீங்கி, பெட்ரோலை அழுத்தத்தோடு தெளிக்கும் முறை வந்தபோது, பெட்ரோல் பம்பும் அதை ஆளும் கணிப்பொறிச் சில்லும் பேட்டரியையே நம்பலாயின. பல வண்டிகளில் கிக்கரே நீக்கப்பட்டுவிட்டது. முன்பு பேட்டரியின்றியும் ஊர் வந்து சேர்ந்தவன், இன்று பேட்டரி முழுவதும் வற்றினால், தள்ளியும் கிளப்ப முடியாமல் நரிக்குடிச் சாலையில் வெயிலில் நிற்கிறான்.

ஆதலால் பழுதை முறையாக ஆராயும் பழைய நெறி முன்னெப்போதையும்விட இப்போது அவசியமாகிறது. அந்நெறியின் வரிசை எளியது. பொத்தானை அழுத்தியதும் ‘டிக், டிக்’ என்று ரிலே மட்டும் ஒலித்து மோட்டார் சுழலாவிட்டால், ஐயம் முதலில் செல்லவேண்டியது பேட்டரியின் முனைகளின் மேல். இளகிய மறையும் முனையில் பூத்த வெள்ளைப் பொடியும் நல்ல பேட்டரியைக் கெட்டதாகக் காட்டும். வெந்நீரில் சோடா மாவைக் கரைத்துக் கழுவி, துடைத்து, இறுக்கி, வாஸலைன் தடவிய அளவிலேயே எழுந்து ஓடிய வண்டிகள் அநேகம். மோட்டார் மிடுக்காகச் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லையென்றால் பேட்டரியின்மேல் குற்றமில்லை. பிளக்கையும் பெட்ரோலையும் பார்க்க வேண்டும். அழுத்தியும் ஓசையே எழவில்லையென்றால் பியூஸையும், கிளட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்சுகளையும் பார்க்க வேண்டும்.

பேட்டரியையே பரீட்சிக்கும்போது வோல்ட் மீட்டர் மூன்று வேளைகளில் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. சில மணி நேரம் ஓய்வாக நின்ற பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய வறுமை. பொத்தானை அழுத்தும் கணத்தில் பத்து வோல்ட்டுக்கு மிகவும் கீழே சரிந்தால், ஓய்வில் காட்டிய நிறைவு வெறும் தோற்றம் என்று கொள்ள வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏறவில்லையென்றால் ஸ்டேட்டரையோ ரெகுலேட்டரையோ சோதிக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரே பேட்டரியைக் கொதிக்க வைத்துக் கொல்கிறது. எவ்வளவு சார்ஜ் ஏற்றியும் 10.5 வோல்ட்டிலேயே நின்றால் ஆறில் ஒரு செல் இறந்துவிட்டது என்பது தெளிவு. இந்த மூன்று கேள்விகளையும் கேளாமல் புதுப் பேட்டரியை மாட்டினால், பழுதுபட்ட ரெகுலேட்டர் சில மாதங்களில் அதையும் விழுங்கிவிடும். கூலி வேலை செய்பவரின் பல நாள் ஊதியம் காரணம் அறியாத ஒரு தீர்ப்பினால் வீணாகும்.

பழைய தொழிலின் பெருமையைச் சொல்லும்போது அதன் தீங்கையும் மறைக்கலாகாது. ஈயப் புகையைச் சுவாசித்த தொழிலாளியின் இரத்தத்தில் அந்த நஞ்சு சேர்ந்தது. கடைக்குப் பின்னால் கொட்டிய அமிலம் மண்ணைக் கெடுத்தது. பழைய பேட்டரிகளை விற்பனையாளர் திரும்பப் பெற வேண்டுமென்று 2001ஆம் ஆண்டு வந்த விதிகளும், உற்பத்தியாளர் மேல் பொறுப்பைச் சுமத்திய 2022ஆம் ஆண்டின் விதிகளும் நீதியானவை. ஈயத்தை உருக்கும் கடை திரும்பி வர வேண்டியதில்லை. திரும்பி வர வேண்டியது, ஒரு செல்லைக் காப்பாற்ற முழுப் பேட்டரியையும் பிரித்துப் பார்த்த அந்த மனப்பான்மை.

மழை பொய்க்கும் நிலத்தில் எதையும் வீணாக்கலாகாது என்பது இச்சீமையின் ஆதி தர்மம். பேட்டரித் தொழிலாளிகள் அதை யந்திரத்துக்கும் பொருந்தச் செய்தார்கள். அவர்களுள் மூத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் முறைகளைத் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் கேட்டெழுதிக்கொண்டு, பரிசோதித்துப் பார்த்து, அச்சிட்டு ஒவ்வொரு பட்டறைக்கும் கொண்டு சேர்ப்பார்களாயின், காரைக்குடியில் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வாரி வழங்கிய அந்தப் பழைய ஜில்லாவின் பெருந்தன்மைக்கு அது தகுந்த தொடர்ச்சியாகும். புதுப் பேட்டரி வாங்கும் தேவையின்றியே வண்டி கிளம்பிப் பிழைப்புக்குச் செல்லும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது நேரடியான உதவியும் ஆகும்.